இந்தியப் பெரும் வேலி

இந்தியப் பெரும் வேலி என்பது, 19 ஆம் நூற்றாண்டில் பிரித்தானிய ஆட்சியாளர்களால் வட இந்தியாவிலும் நடு இந்தியாவிலும் வளர்க்கப்பட்ட மிக நீண்ட முள்வேலி ஆகும். உப்புக் கடத்தலைத் தடுத்து உப்பு வரியை முழுமையாக வசூலிப்பதே இதன் முதன்மை நோக்கமாக இருந்தது. உள்நாட்டுச் சுங்கக் கோடு என அழைக்கப்பட்ட காவல் எல்லையின் ஒரு பகுதியாக இவ்வேலி அமைந்திருந்தது. உச்ச நிலையில் இச்சுங்கக் கோடு, சிந்து ஆற்றின் மேற்பகுதியில் தொடங்கி ஒரிசாவின் மகாநதி வரை 2,300 மைல்களுக்கு (ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர்) மேல் நீண்டிருந்தது. அதில் 1,100 மைல்களுக்கும் மேற்பட்ட தொலைவுக்கு முள்வேலி இருந்தது. 12,000 பேருக்கு மேல் இதனைக் காவல் காத்தனர்.

1879 ஆம் ஆண்டில் சுங்கக் கோடு கைவிடப்பட்டது. அதன் பின்னர் வேலி விரைவாக அழிந்ததுடன் மக்கள் நினைவில் இருந்தும் வரலாற்று நூல்களில் இருந்தும் பெரும்பாலும் மறைந்து போனது. 1990களில் ராய் மாக்சம் என்னும் ஆங்கிலேயர் மேற்கொண்ட தேடலுக்குப் பின்னரே இது மீண்டும் பரவலாக அறியப்பட்டது.

பெயர்

சுங்கக் கோடு, வேலி ஆகிய இரண்டும் ஒன்றல்ல. சுங்கக் கோடு என்பது காவல் நிலையங்கள், வாயில்கள், சுற்றுக்காவல் பாதைகள் என்பவற்றைக் கொண்ட முழு எல்லை அமைப்பைக் குறிக்கும். இதன் சில பகுதிகளில் ஆறுகளே தடையாகப் பயன்பட்டன. ஏனைய பகுதிகளில் தடையாக எழுப்பப்பட்டதே வேலியாகும். "இந்தியப் பெரும் வேலி" என்ற பெயர், 2001 ஆம் ஆண்டில் மாக்சம் இதே தலைப்பில் வெளியிட்ட ஆங்கில நூலின் மூலம் பரவியது.

பின்னணி

உப்பும் வரியும்

உப்பு மனித உடலுக்கு இன்றியமையாதது. வெப்பம் மிகுந்த நாடுகளில் வெயிலில் உழைப்பவர்கள் வியர்வையின் மூலம் அதிக உப்பை இழப்பதால், அவர்களுக்கு இதன் தேவை மேலும் கூடுகிறது. கால்நடைகளுக்கும் உப்பு தேவை. செல்வரும் வறியவரும் ஏறத்தாழ ஒரே அளவு உப்பையே உண்கின்றனர். விலை எவ்வளவு உயர்ந்தாலும் யாரும் உப்பை முற்றாகக் கைவிட முடியாது. இக்காரணங்களால் உப்பு வரி, ஆட்சியாளர்களுக்கு உறுதியான வருவாயைத் தருவதாகவும், வறியவர்கள் மீது மிகுந்த சுமையை ஏற்றுவதாகவும் அமைந்தது.

வங்காளத்தில் உப்புத் தனியுரிமை

இந்தியாவில் உப்பு மீதான வரி பிரித்தானியருக்கு முன்னரும் இருந்தது. ஆயினும் 1757 ஆம் ஆண்டின் பிளாசிப் போருக்குப் பின்னர் வங்காளத்தில் இந்நிலை பெரிதும் மாறியது. 1765 ஆம் ஆண்டில் ராபர்ட் கிளைவ், உப்பு, பாக்கு, புகையிலை ஆகியவற்றின் வணிகத்தைக் கிழக்கிந்தியக் கம்பனியின் மூத்த அலுவலர்களுக்கு உரிய தனியுரிமை ஆக்கினார். இலண்டனில் இருந்த கம்பனி இயக்குநர்கள் இதனை ஏற்காததால் இவ்வமைப்பு சில ஆண்டுகளில் முடிவுக்கு வந்தது. 1772 ஆம் ஆண்டில் வாரன் ஹேஸ்டிங்சு, உப்பு வணிகத்தைக் கம்பனியின் நேரடிக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார். அதன் பின் உப்பிலிருந்து கிடைத்த வருவாய் வேகமாக உயர்ந்தது.

19 ஆம் நூற்றாண்டில் வங்காளத்தில் உப்பு வரி, ஒரு மணங்குக்கு 3 ரூபாய் 4 அணா என்ற அளவை எட்டியிருந்தது. இங்கு மணங்கு என்பது ஏறத்தாழ 37 கிலோகிராம் எடை கொண்ட வட இந்திய அளவையாகும். சென்னையில் வழங்கிய மணங்கு இதைவிடச் சிறியது.

வரி வேறுபாடு

சுங்கக் கோடு தோன்றுவதற்கு உப்பு வரி மட்டும் காரணம் அன்று. இடத்துக்கு இடம் வரி வேறுபட்டதே அடிப்படைக் காரணமாகும். இராசபுதனத்தில் உள்ள சாம்பார் ஏரி, உள்நாட்டு உப்பின் மிகப் பெரிய மூலங்களுள் ஒன்று. அது அப்போது செய்ப்பூர், சோத்பூர் மன்னர்களின் ஆட்சியில் இருந்தது. கட்ச்சின் உப்பளங்களும் பம்பாய்க் கரையோர உப்பளங்களும் மேற்கே இருந்தன. இவ்விடங்களில் உப்பு மலிவாகக் கிடைத்தது. சிந்து ஆற்றுக்கு மேற்கே கோகாட்டில் வெட்டியெடுக்கப்பட்ட பாறை உப்பின் மீதும் மிகக் குறைந்த வரியே விதிக்கப்பட்டிருந்தது. இவை அனைத்தும் தரை வழியாக வங்காள மாகாணத்துக்குள்ளும் பஞ்சாபுக்குள்ளும் வரக்கூடியவை.

வட இந்தியாவில் வரி மணங்குக்கு 3 ரூபாயாக இருந்த காலத்தில், ஒருவர் தலைச்சுமையாக ஒரு மணங்கு உப்பைக் கோட்டைத் தாண்டிக் கொண்டுவந்தால் 3 ரூபாய் வரி மிச்சமாகும். அது ஏறத்தாழ ஒரு வேளாண் தொழிலாளியின் ஒரு மாதக் கூலிக்கு ஈடானது. எனவே கடத்தலைத் தடுக்க, கடலோரத் துறைமுகங்களில் இருப்பதைப் போன்ற சுங்கக் காவல் நாட்டின் உட்பகுதியிலும் தேவை என ஆட்சியாளர்கள் கருதினர்.

சுங்கக் கோட்டின் தோற்றம்

1803 ஆம் ஆண்டு முதல் வங்காள மாகாணத்தில் முதன்மைச் சாலைகளிலும் ஆறுகளிலும் சுங்கச் சாவடிகள் தொடராக அமைக்கப்பட்டன. சாவடிகளைச் சுற்றிச் செல்வது எளிதாக இருந்தமையால், சாவடிகளுக்கு இடையே மேலும் காவல் நிலையங்கள் ஏற்படுத்தப்பட்டன. 1830களுக்குப் பின்னர் இவை ஒருங்கிணைக்கப்பட்டு, தொடர்ச்சியான காவல் கோடாக மாற்றப்பட்டன. பஞ்சாபும் நடு இந்தியப் பகுதிகளும் பிரித்தானியர் வசமானபோது கோடும் அவற்றினூடாக நீட்டப்பட்டது. 1858 ஆம் ஆண்டில் கம்பனி ஆட்சி முடிந்து இந்தியா பிரித்தானிய அரசின் நேரடி ஆட்சிக்குள் வந்த பின்னரும் இவ்வமைப்பு தொடர்ந்தது.

பாதை

முழு வளர்ச்சி அடைந்திருந்தபோது சுங்கக் கோடு பின்வரும் மூன்று பெரும் பகுதிகளைக் கொண்டிருந்தது.

1. சிந்து ஆற்றுப் பகுதி: வடமேற்கே தர்பேலாவுக்கு அருகில் தொடங்கி ஆற்றை ஒட்டித் தெற்கு நோக்கிச் சென்றது. இங்கு ஆறே பெரும் தடையாக இருந்ததால் காவல் ஒப்பீட்டளவில் குறைவு.

2. வேலிப் பகுதி: இன்றைய பாகிசுத்தானில் உள்ள லையா என்னும் ஊர் அருகே தொடங்கி, தென்கிழக்காகத் தில்லி, ஆக்ரா, சான்சி வட்டாரங்களைக் கடந்து, நடு மாகாணத்தின் புர்கான்பூர் வரை சென்றது. காவல் மிகவும் வலுவாக இருந்த பகுதி இதுவே.

3. கிழக்குப் பகுதி: புர்கான்பூருக்கு அப்பால் ஒரிசாவின் மகாநதி வரை நீண்டது. இங்கு வேலி பெரும்பாலும் இல்லை.

இக்கோடு நாடுகளைப் பிரிக்கும் எல்லையாக இருக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. பல இடங்களில் அது பிரித்தானிய இந்தியாவின் உள்ளேயே, ஒரே ஆட்சியின் கீழ் இருந்த ஊர்களுக்கு இடையே சென்றது.

வேலியின் அமைப்பு

உலர்வேலி

தொடக்கத்தில் வேலி என்பது வெட்டிக் கொண்டுவந்து குவிக்கப்பட்ட முட்கிளைகளால் ஆனதாகவே இருந்தது. இது உலர்வேலி எனப்பட்டது. ஒரு மைல் நீள உலர்வேலிக்கு ஏறத்தாழ 250 டன் முள் தேவைப்பட்டது. கறையான், எலி, தீ, புயல் என்பவற்றால் வேலி தொடர்ந்து அழிந்து வந்தது. கடுங்காற்று ஒரே நேரத்தில் நீண்ட பகுதிகளைப் பெயர்த்து எறிந்தது. இதனால் ஒவ்வோர் ஆண்டும் வேலியின் பாதி அளவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இக்கணக்கின்படி ஆயிரம் மைல் உலர்வேலியைப் பேணுவதற்கு ஆண்டுதோறும் ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம் டன் முள்ளை வெட்டிச் சுமந்து அடுக்க வேண்டியிருக்கும்.

உயிர்வேலி

1867 ஆம் ஆண்டில் உள்நாட்டுச் சுங்க ஆணையராகப் பொறுப்பேற்ற ஆலன் ஆக்டேவியன் ஹியூம், உலர்வேலிக்கு மாற்றாக வேரூன்றி வளரும் உயிர்வேலியைப் பெரிய அளவில் வளர்க்கத் திட்டமிட்டார். உயிர்வேலி தானே வளரக்கூடியது. தீயாலும் கறையானாலும் அது எளிதில் அழிவதில்லை. ஒருமுறை நிலைத்து விட்டால் கத்தரித்துப் பேணுவது மட்டுமே போதுமானது.

ஆனால் வேலி சென்ற வழியில் மண்ணும் மழையும் ஒரே சீராக இருக்கவில்லை. பாலை போன்ற வறண்ட பகுதி, களர் நிலம், பாறைத் தரை, வெள்ளம் தேங்கும் தாழ்நிலம் எனப் பலவகை நிலங்களினூடாக வேலி செல்ல வேண்டியிருந்தது. எனவே பின்வரும் முறைகள் கையாளப்பட்டன.

- மண் வளமற்ற இடங்களில் நீண்ட பள்ளம் தோண்டி, வேறிடத்திலிருந்து கொண்டுவந்த நல்ல மண் நிரப்பப்பட்டது.
- வெள்ளம் சூழும் இடங்களில் மண்மேடு எழுப்பி அதன் மேல் செடிகள் நடப்பட்டன.
- நீர் பாய்ச்சுவதற்காகக் கிணறுகள் வெட்டப்பட்டன.
- வேலியை ஒட்டிச் சுற்றுக்காவலுக்கான பாதை அமைக்கப்பட்டது.
- எதுவும் வளராத இடங்களில் உலர்வேலியோ கல் மதிலோ பயன்படுத்தப்பட்டது. கல் மதிலின் மொத்த நீளம் 6 மைல் அளவே.

செடிகள்

அந்தந்த இடத்தின் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்றவாறு செடிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. இலந்தை, கருவேலம், களா, சப்பாத்திக்கள்ளி, பிற கள்ளி வகைகள், கழற்சிக்கொடி, முள் மூங்கில் என்பன இவற்றுள் முதன்மையானவை. இவற்றுட் பல தமிழகத்தின் தோட்டங்களிலும் வயல் ஓரங்களிலும் வேலியாகப் பயன்படுபவையே. மரங்களுக்கும் புதர்களுக்கும் இடையே முட்கொடிகளைப் படரவிட்டு இடைவெளிகள் அடைக்கப்பட்டன.

அளவுகள்

நன்கு வளர்ந்த இடங்களில் வேலி 10 முதல் 14 அடி வரை உயரமும் 6 முதல் 12 அடி வரை தடிப்பும் கொண்டிருந்தது. மனிதனோ கால்நடையோ ஊடுருவ முடியாத அளவுக்கு அது அடர்த்தியாக இருந்தது. எனினும் முழுத் தொலைவிலும் இந்நிலை எட்டப்படவில்லை. 1870களின் இறுதியில் 400 மைல்களுக்குச் சற்றுக் கூடுதலான தொலைவிலேயே முழுமையான உயிர்வேலி இருந்தது. எஞ்சிய இடங்களில் உயிர்வேலியும் உலர்வேலியும் கலந்தோ, உலர்வேலி மட்டுமோ காணப்பட்டன.

ஆலன் ஆக்டேவியன் ஹியூம்

வேலியை வளர்த்ததில் முதன்மைப் பங்காற்றிய ஹியூம் (1829-1912), பிற்காலத்தில் முற்றிலும் வேறொரு காரணத்துக்காகப் புகழ் பெற்றார். 1885 ஆம் ஆண்டில் இந்திய தேசிய காங்கிரசு உருவாவதற்கு முன்னின்று உழைத்தவர் இவரே. இந்தியப் பறவையியலின் முன்னோடிகளுள் ஒருவராகவும் இவர் கருதப்படுகிறார். சுங்க ஆணையராவதற்கு முன்னர் இன்றைய உத்தரப் பிரதேசத்தில் உள்ள எட்டாவா மாவட்டத்தில் பல ஆண்டுகள் ஆட்சியராக இருந்து, பள்ளிகள் திறந்தமைக்காக நற்பெயர் பெற்றிருந்தார்.

1870 ஆம் ஆண்டில் ஹியூம் இப்பொறுப்பில் இருந்து நீங்கினார். அவருக்குப் பின் ஜி. எச். எம். பேட்டன் ஆணையராக இருந்தார். 1876 ஆம் ஆண்டில் பொறுப்பேற்ற டபிள்யூ. எஸ். ஹால்சி கடைசி ஆணையர் ஆவார்.

காவல்

சுங்கக் கோட்டில் ஏறத்தாழ 1,700 காவல் நிலையங்கள் இருந்தன. 1869 ஆம் ஆண்டில் 12,000 பேர் அளவில் இருந்த பணியாளர் தொகை, 1872 ஆம் ஆண்டில் 14,000 அளவுக்கு உயர்ந்தது. உயர் அலுவலர்கள் பிரித்தானியர். காவலர்கள் பெரும்பாலும் இந்தியர். காவலர்கள் இரவும் பகலும் வேலியை ஒட்டி நடந்து கண்காணித்ததுடன், வேலியைக் கத்தரிப்பது, இடைவெளிகளை அடைப்பது, பாதைகளைச் செப்பனிடுவது போன்ற வேலைகளையும் செய்தனர்.

வேலியைக் கடக்க விரும்புவோர் அதற்கென விடப்பட்ட வாயில்கள் வழியாக மட்டுமே செல்ல முடிந்தது. வண்டிகளும் மூட்டைகளும் அங்கு சோதனையிடப்பட்டன. வேலியின் ஒருபுறம் வீடும் மறுபுறம் வயலும் கொண்டிருந்தோருக்கும், கால்நடை மேய்ப்போருக்கும், பயணிகளுக்கும், வணிகர்களுக்கும் இது அன்றாடத் தொல்லையாக இருந்தது. சுங்கக் காவலர்கள் கையூட்டுப் பெறுவதும், சோதனை என்ற பெயரில் மக்களைத் துன்புறுத்துவதும் பரவலாக நிகழ்ந்தன. கம்பனி ஆட்சிக்கால அலுவலரான டபிள்யூ. எச். சிலீமன், 1844 ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் உள்நாட்டுச் சுங்க முறையைக் குறைகூறி எழுதினார்.

கடத்தல்

வேலி கடத்தலைக் குறைத்ததே தவிர முற்றாக நிறுத்தவில்லை. ஒருபுறம் இருந்து உப்பு மூட்டைகளை வேலிக்கு மேலாக வீச, மறுபுறம் இருந்தோர் அவற்றை எடுத்துச் செல்வது ஒரு முறை. உப்பு ஏற்றிய ஒட்டகங்களையோ மாடுகளையோ கூட்டமாக ஓட்டி, வேலியின் வலுவற்ற பகுதியை உடைத்து உள்ளே நுழைவது மற்றொரு முறை. காவலர்களின் உடன்பாட்டுடன் வாயில் வழியாகவே கொண்டு செல்வதும் உண்டு. ஆயுதம் தாங்கிய கடத்தற்காரர்களுக்கும் காவலர்களுக்கும் இடையே மோதல்கள் ஏற்பட்டு உயிரிழப்புகளும் நிகழ்ந்தன.

பிடிபட்டவர்களுக்குத் தண்டமும், அதனைச் செலுத்த இயலாதவர்களுக்குச் சிறையும் விதிக்கப்பட்டன. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் தண்டிக்கப்பட்டனர். இவர்களுள் பலர் தங்கள் வீட்டுத் தேவைக்காகச் சிறிதளவு உப்பைக் கொண்டுவந்தவர்களே.

கோட்டுக்கு உட்பட்ட பகுதிகளில் களர் மண்ணைக் கரைத்து உப்பு எடுப்பதும் சட்டத்துக்குப் புறம்பானதாக இருந்தது. வெடியுப்புத் தயாரிக்கும்போது துணைவிளைவாகச் சமையல் உப்பும் கிடைப்பதால், அத்தொழில் செய்வோரும் கண்காணிக்கப்பட்டனர்.

வருவாயும் செலவும்

சுங்கக் கோட்டில் உப்பு வரியுடன் சர்க்கரை வரியும் வசூலிக்கப்பட்டது. உப்பு உள்ளே வரும்போது வரி விதிக்கப்பட்டது. சர்க்கரை பிரித்தானியப் பகுதியில் இருந்து மன்னராட்சிப் பகுதிகளுக்கு வெளியே செல்லும்போது வரி விதிக்கப்பட்டது. 1869-70 ஆம் ஆண்டில் கோட்டில் கிடைத்த வருவாயும் அதற்கான செலவும் ஏறத்தாழப் பின்வருமாறு இருந்தன.

- உப்பு வரி வருவாய்: 1 கோடியே 25 லட்சம் ரூபாய்
- சர்க்கரை வரி வருவாய்: 10 லட்சம் ரூபாய்
- கோட்டைப் பேணும் செலவு: 16 லட்சம் ரூபாய்

அரசின் கண்ணோட்டத்தில் இது பெரும் ஈட்டம் தரும் ஏற்பாடாகும். செலவிடப்பட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் எட்டு ரூபாய்க்கு மேல் வருவாயாகக் கிடைத்தது. இத்தனை குறைகளுக்கு இடையிலும் வேலி பல ஆண்டுகள் நீடித்தமைக்கு இதுவே காரணம் ஆகும்.

மக்கள் மீதான தாக்கம்

ஒரு குடும்பம் ஆண்டுக்கு அரை மணங்கு உப்பைப் பயன்படுத்துவதாகக் கொண்டால், வட இந்தியாவில் வரியாக மட்டும் 1 ரூபாய் 8 அணா செலுத்த வேண்டியிருந்தது. இது அரை மாதக் கூலிக்கு நிகரானது. கூலி வேலை ஆண்டு முழுதும் கிடைக்காத குடும்பங்களுக்கு இச்சுமை மேலும் கூடுதலாக இருந்தது. இதனால் வறியவர்கள் உப்பைக் குறைத்துக்கொண்டனர். கால்நடைகளுக்கு உப்பு கொடுப்பதும் குறைந்தது.

உடலில் உப்பு மிகவும் குறைந்தால் சோர்வு, தசைப்பிடிப்பு, மயக்கம் ஆகியவை ஏற்பட்டு, கடும் நிலையில் உயிரிழப்பும் நேரலாம். வயிற்றுப்போக்கு, வாந்திபேதி ஆகியவை பரவும் காலங்களில் உடல் உப்பையும் நீரையும் வேகமாக இழப்பதால் ஆபத்து பெருகுகிறது. 19 ஆம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில் பசியால் இறந்தவர்களுள் உப்புக் குறைபாட்டால் பாதிக்கப்பட்டவர்களும் பலர் இருந்திருக்க வேண்டும் என மாக்சம் வாதிடுகிறார். இதனை எண்ணிக்கையில் அளவிட அக்காலப் பதிவுகள் போதுமானவை அல்ல.

கைவிடப்படல்

1860களில் இருந்தே பிரித்தானிய அலுவலர்கள் சிலர் சுங்கக் கோட்டைக் கைவிட வேண்டும் எனக் கூறி வந்தனர். உள்நாட்டு வணிகத்துக்கு அது தடையாக இருந்தது. தொடர்வண்டிப் பாதைகள் பெருகியதால் சரக்குப் போக்குவரத்தும் மாறிவந்தது. கோட்டை நீக்குவதற்கு இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டியிருந்தன. முதலாவது, உப்பு விளையும் இடங்களை அரசு தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து, அங்கேயே வரியை வசூலிப்பது. இரண்டாவது, மாகாணங்களுக்கு இடையிலான வரி வேறுபாட்டைக் குறைத்து, கடத்தலால் கிடைக்கும் பயனை இல்லாமல் செய்வது.

முதல் நிபந்தனையின்படி, 1870 ஆம் ஆண்டளவில் சாம்பார் ஏரியின் உப்பு உற்பத்தி, செய்ப்பூர், சோத்பூர் மன்னர்களிடம் இருந்து குத்தகைக்குப் பெறப்பட்டது. 1870களின் இறுதிக்குள் இராசபுதனத்தின் ஏனைய முதன்மை உப்பு மூலங்கள் தொடர்பிலும் ஒப்பந்தங்கள் செய்யப்பட்டன. 1878 ஆம் ஆண்டில் போர்த்துக்கலுடன் ஏற்பட்ட உடன்படிக்கை மூலம் கோவாவின் உப்பளங்களும் பிரித்தானியக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. புதுச்சேரி, காரைக்கால் உள்ளிட்ட பிரெஞ்சுப் பகுதிகளின் உப்பு தொடர்பில் 1815 ஆம் ஆண்டிலேயே பிரான்சுடன் உடன்பாடு செய்யப்பட்டிருந்தது.

இரண்டாவது நிபந்தனையை, அரசப் பிரதிநிதி லிட்டன் பிரபுவின் ஆட்சியில் நிதிப் பொறுப்பில் இருந்த சர் ஜான் ஸ்டிரேச்சி நிறைவேற்றினார். இதன்படி செய்யப்பட்ட வரி மாற்றங்கள் (ஒரு மணங்குக்கு) வருமாறு:

- வங்காளம், அசாம்: 3 ரூபாய் 4 அணாவில் இருந்து 2 ரூபாய் 14 அணாவாகக் குறைக்கப்பட்டது.
- வட இந்தியா: 3 ரூபாயில் இருந்து 2 ரூபாய் 8 அணாவாகக் குறைக்கப்பட்டது.
- சென்னை, பம்பாய், சிந்து: 1 ரூபாய் 13 அணாவில் இருந்து 2 ரூபாய் 8 அணாவாக உயர்த்தப்பட்டது.

1879 ஆம் ஆண்டு ஏப்ரல் 1 ஆம் நாள் உள்நாட்டுச் சுங்கக் கோடு பெரும்பாலான பகுதிகளில் கைவிடப்பட்டது. ஸ்டிரேச்சி, பின்னர் தமது நூலில் இக்கோட்டை எந்த நாகரிக நாட்டிலும் இணை காண முடியாத கொடிய அமைப்பாகக் குறிப்பிட்டார்.

சென்னை மாகாணமும் வரி உயர்வும்

வேலி தமிழகத்தின் எப்பகுதியிலும் அமைந்திருக்கவில்லை. ஆயினும் அது நீக்கப்பட்டதன் விளைவு தமிழகத்தையும் பாதித்தது. சென்னை மாகாணத்தில் 1805 ஆம் ஆண்டு முதல் உப்பு அரசின் தனியுரிமையாக இருந்தது. நீண்ட கடற்கரையில் உப்பளங்கள் இருந்தமையால் இங்கு வரியை உற்பத்தி இடத்திலேயே வசூலிக்க முடிந்தது. வரியும் வங்காளத்தை விடக் குறைவாக இருந்தது.

வரியைச் சமப்படுத்தும் மேற்படி நடவடிக்கை 1877-78 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அப்போது தென்னிந்தியா, தாது வருடப் பஞ்சம் என இன்றும் நினைவுகூரப்படும் 1876-78 ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தில் சிக்கியிருந்தது. பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளில் மட்டும் இப்பஞ்சத்தால் 55 லட்சம் பேர் வரை இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. சென்னை மாகாணம் மிகவும் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று. அந்நிலையில் அங்கு வாழ்ந்த மக்கள் வாங்கிய உப்பின் மீது மணங்குக்கு 11 அணா, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல், வரி கூட்டப்பட்டது. வட இந்தியாவின் வேலியை நீக்குவதற்கான செலவின் ஒரு பகுதியை, அவ்வேலியைப் பற்றி அறிந்திராத தென்னிந்திய மக்கள் இவ்வாறு செலுத்தினர்.

பிற்கால உப்பு வரி

சுங்கக் கோடு மறைந்தாலும் உப்பு வரி தொடர்ந்தது. 1882 ஆம் ஆண்டில் இந்தியாவின் பெரும்பாலான பகுதிகளில் வரி மணங்குக்கு 2 ரூபாய் எனச் சீராக்கப்பட்டது. 1888 ஆம் ஆண்டில் 2 ரூபாய் 8 அணாவாக மீண்டும் உயர்த்தப்பட்டது. 1885 ஆம் ஆண்டில் பம்பாயில் நடைபெற்ற காங்கிரசின் முதல் கூட்டத்திலேயே, சென்னை மாகாணத்தைச் சேர்ந்த எஸ். ஏ. சாமிநாத ஐயர் உப்பு வரிச் சிக்கலை எழுப்பினார். வேலியை வளர்த்த ஹியூமும் அக்கூட்டத்தில் முதன்மைப் பங்கு வகித்தார்.

1930 ஆம் ஆண்டில் காந்தி தண்டி வரை மேற்கொண்ட நடைப்பயணத்தின் மூலம் உப்பு வரி உலகின் கவனத்தை ஈர்த்தது. அதே ஆண்டு ஏப்ரலில் இராசகோபாலாச்சாரி தலைமையில் திருச்சிராப்பள்ளியில் இருந்து வேதாரண்யம் வரை உப்புச் சத்தியாகிரக நடைப்பயணம் நடைபெற்றது. உப்பு வரி விடுதலையை ஒட்டிய 1946-47 காலப்பகுதியிலேயே முடிவுக்கு வந்தது.

மறைவும் மீள்கண்டுபிடிப்பும்

கத்தரிப்போரும் காவலரும் இல்லாத நிலையில் வேலி விரைவில் அழிந்தது. முட்கிளைகளும் மரங்களும் விறகாகவும், நிலம் வயலாகவும் பயன்பட்டன. மேடாகவும் சீராகவும் இருந்த சுற்றுக்காவல் பாதையின் சில பகுதிகள் சாலைகளாயின. செங்கல்லாலும் கல்லாலும் கட்டப்பட்ட அரண்களைப் போல வேலி தடயங்களை விட்டுச் செல்லவில்லை. இந்திய வரலாற்று நூல்களிலும் பிரித்தானிய வரலாற்று நூல்களிலும் இதைப் பற்றிய குறிப்புகள் அரிதாகவே காணப்பட்டன.

1990களின் நடுப்பகுதியில், இலண்டன் பல்கலைக்கழக நூலகத்தில் நூற்பாதுகாப்பாளராகப் பணியாற்றிய ராய் மாக்சம், இலண்டனில் ஒரு பழைய புத்தகக் கடையில் சிலீமனின் நூலை வாங்கினார். அதன் அடிக்குறிப்பு ஒன்றில் இவ்வேலி பற்றிய செய்தியைக் கண்டார். இத்தகைய பெரிய அமைப்பைத் தாம் கேள்விப்பட்டதே இல்லை என்பது அவருக்கு வியப்பளித்தது. ஆவணக் காப்பகங்களில் சுங்கத் துறையின் ஆண்டறிக்கைகளையும் பழைய நிலப்படங்களையும் தேடி ஆராய்ந்த அவர், பல முறை இந்தியாவுக்கு வந்து கிராமங்கள் தோறும் விசாரித்தார். பழைய நிலப்படங்களில் இருந்து கணித்த இடங்களைச் செயற்கைக்கோள் வழி இடங்காட்டும் கருவியின் துணையுடன் தேடினார்.

முதல் பயணங்களில் எதுவும் கிடைக்கவில்லை. 1998 ஆம் ஆண்டில் எட்டாவா மாவட்டத்தில் பாலி கர் என்னும் ஊருக்கு அருகே, முள்மரங்கள் நின்ற அகன்ற மண்மேட்டின் எச்சம் ஒன்றை அவர் கண்டறிந்தார். ஹியூம் ஒரு காலத்தில் ஆட்சியராக இருந்த அதே மாவட்டத்தில் இவ்வெச்சம் கிடைத்தது குறிப்பிடத்தக்கது. தமது தேடலையும் வேலியின் வரலாற்றையும் இணைத்து அவர் எழுதிய நூல் 2001 ஆம் ஆண்டில் வெளியானது.

சீனப் பெருஞ்சுவருடன் ஒப்பீடு

1868 முதல் 1874 வரை இலண்டனில் இந்தியாவுக்கான துணை அமைச்சராக இருந்த கிராண்ட் டஃப், உலகில் சீனப் பெருஞ்சுவரைத் தவிர வேறெதனையும் இச்சுங்கக் கோட்டுடன் ஒப்பிட முடியாது எனக் குறிப்பிட்டார். 1881 முதல் 1886 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்து, சென்னைக் கடற்கரைக்கு மெரீனா எனப் பெயரிட்டவரும் இவரே.

நீளத்தில் ஒப்பிடத்தக்கதாக இருந்தாலும் இரண்டின் நோக்கங்களும் வேறானவை. சீனப் பெருஞ்சுவர் வெளியில் இருந்து வரும் படைகளைத் தடுப்பதற்காக எழுப்பப்பட்டது. இந்தியப் பெரும் வேலி, மக்கள் மலிவான உப்பைப் பெறுவதைத் தடுப்பதற்காக வளர்க்கப்பட்டது.

இவற்றையும் பார்க்கவும்

- உப்புச் சத்தியாகிரகம்
- வேதாரண்யம்
- ஆலன் ஆக்டேவியன் ஹியூம்
- சாம்பார் ஏரி
- தாது வருடப் பஞ்சம்
- சீனப் பெருஞ்சுவர்